கத்திரி அண்ணனும் ரெண்டு இருபது காசும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் எந்த நீதிபதியும் கத்திரி அண்ணன் அளவுக்குக் கைதிகளை விடுதலை செய்ததில்லை. கைதிகள் என்று அவர் சொல்வது காசுகளைத்தான். புத்தம் புதிதாக அச்சடித்த ஐந்து, பத்து, இருபது, ஐம்பது காசுகளை வகைக்கு ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் வைத்து, நாலு பக்கமும் ஒட்டி விற்பார்கள். அதைத்தான் 'செட்டு' என்போம். எங்களைப் போன்ற காசுப் பைத்தியங்கள் வரிசையில் நின்று அதை வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டி, பிறகு தொடவே மாட்டோம். உறை பிரியாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. பிரித்துவிட்டால் ரொட்டிச்சானாய் கடையில் நீட்டும் சில்லறைதான். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

கத்திரி அண்ணன் வாங்கிய கையோடு வெட்டிவிடுவார்.

ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடையின் மாடியில், டியூஷன் வகுப்பறை ஒன்றில், ஞாயிறு காலைகளில் எங்கள் நாணயச் சங்கம் கூடும். மொத்தம் பன்னிரண்டு பேர். தலைவர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். நான் செயலாளர். கத்திரி அண்ணனுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து தூங்காமல் நேராக மோட்டார் சைக்கிளில் வந்து சேருவார். அந்த மோட்டார் பாதி தூரம் அவரைச் சுமக்கும், மீதி தூரம் அவர் அதைத் தள்ளுவார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கத்திரிக்கோல் இருக்கும். அவருடைய உண்மைப் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் 'யாருடா இந்த ஆள்?' என்று எனக்கே தோன்றும்.

"பிளாஸ்டிக்கப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க சார்" என்பார் தலைவரிடம். "இருவத்தாறு வருஷமா அதத்தான் சமைச்சுக்கிட்டு இருக்கேன். சூட்டுக்கு வேர்க்கும்லா அது. உள்ள இருக்குற காசு பச்சையா போயிரும்."

"இப்பெல்லாம் நல்ல பிளாஸ்டிக்தான் போடுறாங்க, தம்பி."

"அப்ப உங்க பழைய செட்டுல அந்தப் பச்சப் புள்ளி என்னா?"

"அது வயசு" என்றார் தலைவர், விட்டுக்கொடுக்காமல்.

"காசுன்னா கையில எடுக்கணும், திருப்பிப் பாக்கணும், மேசையில போட்டுச் சத்தம் கேக்கணும். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்குறதுக்கு அது என்னா, ஆஸ்பத்திரியில படுத்திருக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு ஒரு செட்டை எடுத்து நறுக்கென்று ஓரத்தை வெட்டுவார். தலைவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் வீட்டிலும் இந்த விடுதலை இயக்கத்தால் சேதம் உண்டு. வெட்டியெடுத்த காசுகளைத் தட்டில் பரப்பி வைத்திருந்தார். அவர் மனைவி, பாவம், ஐம்பது காசுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்த் தெருமுனை டோபிக் கடை இயந்திரத்தில் போட்டு, போர்வை துவைத்துவிட்டு வந்துவிட்டார். பத்து வருடத்துச் சேகரிப்பு ஒரே துவையலில் போனது. செய்தி கேட்டு நாங்கள் துக்கம் விசாரிக்கவே போனோம். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"காசு வேலைக்குப் போயிருக்கு. உங்க வீட்டுக் காசெல்லாம் இன்னும் தொட்டில்லயே கெடக்கு."

சிங்கப்பூரில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு அவரை அழைத்துப் போனது என் தவறு. அங்கே ஒரு கடைக்காரர், வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பழைய செட்டு ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார். அண்ணன் பணத்தை எண்ணிக் கொடுத்தார். செட்டு கைக்கு வந்ததும் அந்த மனிதரின் கண்ணெதிரிலேயே வெட்டினார். கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மறுநாள் தலைவருக்கு அங்கிருந்து போன் வந்தது. சங்கத்தின் மானம் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போய்விட்டது.

தலைவர் கொதித்துப்போய், விதி ஒன்று எழுதச் சொன்னார். எழுதியவன் நான்தான். 'உறை பிரிப்போர் உறுப்பினராக நீடிக்கலாகாது.' அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு. இனிமேல் வெட்டுவதில்லை என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்மானத்தைக் கைவிடலாம் என்றும் பேசிவைத்திருந்தோம்.

அந்த ஞாயிறு அண்ணன் புதுச் செட்டு ஒன்றோடு வந்து உட்கார்ந்தார். கத்திரியை எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கு உறைக்குள் ஏதோ ஆடுவது தெரிந்தது. வாங்கிப் பார்த்தேன். ஐந்து, பத்து, இருபது, அப்புறம் இன்னொரு இருபது. ஐம்பது காசு இருக்க வேண்டிய குழியில் ஓர் இருபது காசு லொடலொடவென்று உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே மஞ்சள் நிறம் என்பதால் போட்டவருக்குத் தெரியவில்லை.

"அலமாக்!" என்றார் எங்கள் உறுப்பினரான நகைக்கடைக்காரர். "அண்ணே, கத்திரியக் கீழ வைங்க! தப்பாப் போட்ட செட்டு இது, இதுக்குத்தான் வெல அதிகம். ஒட்டு பிரியாம இருந்தாத்தான் யாரும் நம்புவாங்க. இப்பவே நான் எடுத்துக்கிறேன். நீங்க நாளைக்கே புது மோட்டார் எறக்கலாம்."

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "தம்பி, இது ஒண்ண மட்டும் விட்டுருங்க. தீர்மானத்தக்கூட நான் கிழிச்சுப் போட்டுர்றேன்."

அண்ணன் கத்திரியைக் கீழே வைத்தார். உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அன்றும் வரும் வழியில் மோட்டார் நின்றுபோய், அவர் சட்டையெல்லாம் கறுப்பு எண்ணெய். என் பக்கம் திரும்பினார்.

"செயலாளரு என்னா சொல்றீங்க?"

"வெட்டாதீங்கண்ணே" என்றேன். மனதாரச் சொன்னேன்.

உறையை மேசை மேல் வைத்தார்.

"இத்தன வருஷமா, பூட்டி வைக்காதீங்க, பூட்டி வைக்காதீங்கன்னு உங்ககிட்ட தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். என் காசுக்கு வெல வந்ததும் நானும் பூட்டுனா, அதுக்குப் பேரு என்னா சார்?" என்றவர் கத்திரியை எடுத்தார். "அம்பது காசு பாருங்க, கெட்டிக்காரன். மாட்டாமலே தப்பிச்சிட்டான்."

நறுக். நாலு காசும் மேசையில் விழுந்து உருண்டன. நகைக்கடைக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஒரு புது மோட்டார் எங்கள் கண்ணெதிரில் ஐம்பத்தைந்து காசுச் சில்லறையாகிவிட்டது. மடையன் என்று வாய்விட்டே சொன்னேன். இப்போதும் அதைத் திரும்பப் பெறவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "விதி விதிதான். இவர நீக்கணுங்கறவங்க கை தூக்குங்க" என்றார்.

ஒரு கை உயர்ந்தது. அது கத்திரி அண்ணனின் கை.

"வெட்டுனது நான்தானே. எல்லார் முன்னாலயும்தானே வெட்டுனேன். தூக்குங்கலா, என்னா வெக்கம்?"

யாரும் தூக்கவில்லை. நகைக்கடைக்காரர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். விதியை எழுதிய நான் மேசை விரிப்பில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தலைவருக்கும் ஓட்டு உண்டு என்று மெதுவாக நினைவூட்டினேன்.

"தெரியும்" என்று சீறிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தீர்மானம் ஒரே ஓட்டு வாங்கித் தோற்றது. தன் ஓட்டு வீணானதில் அண்ணனுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

நான் இன்றுவரை ஒரு செட்டையும் வெட்டியதில்லை, வெட்டவும் மாட்டேன். அவர் சொன்னது தப்பு என்று எந்த மேடையிலும் வாதாடத் தயார். ஆனால் அவருக்கு ஷிப்ட் மாறி, வர முடியாமல் போகும் ஞாயிறுகளில் எனக்கு அந்த மாடிப்படி ஏறவே மனம் வருவதில்லை.