கெல்லர் அண்ணையும் எட்டுக் கிலோவாட்டும்

சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த தமிழர்களில், ஒரு வீட்டுக்குப் போனால் சாமியறையையும் பாராமல் சாப்பாட்டு மேசையையும் பாராமல் நேரே நிலவறைக்கு இறங்குகிறவர் ஒரேயொருவர்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எங்கள் ஊரான வின்டர்தூரில் யாருக்கும் தெரியாது. நிலவறையை இங்கே கெல்லர் என்பார்கள். ஆகவே அவர் கெல்லர் அண்ணை.

பள்ளிக்கூடம் ஒன்றில் கட்டடம் பராமரிக்கும் வேலை. இருபத்தைந்து வருடமாகச் சூடாக்கும் மெசின்களோடு பழகியதில், மனிதரோடு பழகும் முறை அவருக்குக் கொஞ்சம் மறந்துபோயிருந்தது. வணக்கம் சொல்ல மாட்டார். சுவரோடு இருக்கும் ஹைசுங் என்கிற சூடாக்கியில், ஐந்துவரை போகும் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஞ்சிலை விட்டிருக்கிறியள், என்ன?" என்பார். சட்டைப்பையில் எப்போதும் மூன்று வெப்பமானிகள் இருக்கும்.

"ஏன் அண்ணை மூண்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டெண்டால் பொய் சொல்லும். ரண்டெண்டால் சண்டை பிடிக்கும். மூண்டெண்டால் நடுவிலை நிக்கிறதை நம்பலாம்."

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் ஆளைக் காணவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், மண்டபத்துக் கெல்லருக்குள் நின்று "பம்ப் பெரிசு, பம்ப் பெரிசு" என்று தலையில் கைவைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

எங்கள் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் மெசின் கடைசி மூச்சு விடத் தொடங்கிய குளிர்காலத்தில்தான் அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். நிலத்தில் ஆழமாகத் துளையிட்டு, குழாய் இறக்கி, மண்ணிலிருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குத் தரும் மெசின் போடுவதென்று நானும் மனைவி சுதாவும் முடிவு செய்திருந்தோம். கம்பனிக்காரர் வந்து, வருடத்துக்கு எவ்வளவு எண்ணெய் எரிகிறதென்று கேட்டார். சொன்னோம். அவர் புருவத்தை உயர்த்தி, "அப்படியென்றால் பன்னிரண்டு கிலோவாட், இரண்டு துளை" என்று முதல் கணக்கை எழுதித் தந்தார்.

பாசல் நகரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு அதுவும் காணாது. "பதினைஞ்சாப் போடு தம்பி. பெரிசாப் போட்டா என்ன குறையவோ போகுது?" என்றார். சித்தப்பா எதையும் பெரிதாக வாங்கியே பழகியவர். இரண்டு பேர் இருக்கும் அவர் வீட்டில் ஆறடி உயரக் குளிர்சாதனப் பெட்டி இரண்டு நிற்கின்றன.

கெல்லர் அண்ணை அந்தக் கடதாசியைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். "சன்னல் புதுசு, கூரையும் சூடு போகாமல் நல்லாப் பொதிஞ்சு கிடக்கு. பிறகேன் உங்களுக்கு இவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமை முழுவதும் எங்கள் குசினியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சுதா மீன் பொரித்தாள். மணம் குளிர் ஜாக்கெற்றுகளில் ஏறிவிடும், பக்கத்து வீட்டுக்காரியும் முகம் சுளிப்பாள் என்று, இந்த நாட்டில் எல்லாத் தமிழ் வீட்டிலும் செய்வதைப்போல, காலை பத்து மணிக்கே சன்னலை மலரத் திறந்து வைத்திருந்தாள். சன்னலுக்குக் கீழே ஹைசுங் ஐந்தில் கொதித்தது. திடீரென்று அண்ணை எழும்பி வெளியே போனார். எட்டிப் பார்த்தால், பனிக்குள் நின்று எங்கள் சன்னலுக்கு நேரே இரண்டு கையையும் நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார்.

"தங்கச்சி, இஞ்சை நல்ல சூடு! நீங்கள் வீட்டை இல்லை, றோட்டை எல்லோ சூடாக்கிறியள்!"

சுதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணை, நான் மீன் பொரிக்கிறதுக்கும் மெசினுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுதான் முழுச் சம்பந்தமும். கம்பனிக்காரன்ரை பன்னிரண்டிலை நாலு கிலோவாட் உந்தச் சன்னலாலை போகுது."

அடுத்த பத்து நாள் எங்கள் வீடு அவருடைய ஆட்சியில் இருந்தது. பொரிக்கும்போது குசினிக் கதவு பூட்டு. பொரித்து முடிந்ததும் சன்னலை ஐந்து நிமிடம் முழுதாகத் திற, பிறகு சாத்து. எழுபது பாகையில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்த எண்ணெய் மெசினை நாற்பத்தைந்துக்கு இறக்கினார். எல்லா அறை ஹைசுங்கையும் முழுதாகத் திறந்துவிட்டார். ஒவ்வொரு அறையிலும் வெப்பமானி, எண்ணெய்த் தொட்டிக்குள் அளவுகோல். வெளியே நல்ல குளிர். வீடோ இருபத்தொரு பாகையில் அசையாமல் நின்றது. அந்த அளவுகளை வைத்துக் கம்பனிக்காரர் அறை அறையாக மறுபடி கணக்குப் பார்த்து, எட்டுக் கிலோவாட் போதும் என்றார்.

"பெரிசெண்டால் ரண்டு நிமிசம் ஓடும், நிக்கும், திருப்பி ஓடும், நிக்கும். கொம்பிரசர் கெதியாச் செத்துப்போம்" என்று அண்ணை எனக்கு விளக்கினார். "ஆனா ஒண்டு தம்பி, துளையிலை மட்டும் கஞ்சத்தனம் பாராதை. துளை கட்டையா இருந்தால் மண் களைச்சு உறைஞ்சுபோம்."

மெசினுக்குக் கையெழுத்து வைக்கும் வாரத்தில்தான் சுதா மாசமாக இருப்பது தெரிந்தது. பிள்ளை ஜனவரியில். சித்தப்பா தொலைபேசியில் அலறினார். "பச்சைப் பிள்ளையை ஐஸ் பெட்டிக்குள்ளையோ வளர்க்கப்போறாய்? அந்த விசரன்ரை கதையைக் கேட்டு!" எனக்கே பன்னிரண்டைப் போட்டுவிடலாமோ என்று தோன்றியது. சுதாதான் கெல்லர் அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அண்ணை, என்ரை பிள்ளைக்குக் குளிராதோ?"

அவர் சட்டைப்பையிலிருந்த மூன்று வெப்பமானிகளையும் தடவிப் பார்த்தார். பிறகு, "குளிராது தங்கச்சி" என்றார். சுதா எட்டுக்கே கையெழுத்து வைத்தாள்.

ஆகஸ்டில் துளையிட்டார்கள். அண்ணை மாநில அரசின் அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் நின்றார். வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா, "வந்ததுதான் வந்தாங்கள், இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டச் சொல்லன்" என்றார். "கீழை ஊர் குடிக்கிற நிலத்தடித் தண்ணி ஓடுது. அனுமதி தந்த ஆழத்துக்கு ஒரு அடி கூடப் போகேலாது" என்று அண்ணை கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். பிறகு கெல்லர் கதவில் அண்ணை எழுதிய சட்டங்கள் ஒட்டப்பட்டன. மெசினோடு சேர்த்து அரிசி மூட்டை அடுக்கக்கூடாது. அழுத்தமானி இறங்கினால் கம்பனியைக் கூப்பிடு, நீயாக எதையும் ஊற்றாதே. குளிக்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை அறுபது பாகைக்கு ஏற்று, கிருமி சாகட்டும்.

ஜனவரியில் மகள் பிறந்தாள். பெப்ரவரியில் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்கு. அதற்கு முதல்நாள் வடகிழக்குக் காற்று வீசி, வெளியே மைனஸ் பன்னிரண்டு. காரில் இரண்டு மின்சார ஹீட்டர்களோடு சித்தப்பா காலையிலேயே வந்து இறங்கியிருந்தார். மத்தியானம் வீட்டுக்குள் பதினெட்டுப் பாகை. சுதா பிள்ளையைத் தன் சுவெற்றருக்குள் வைத்துக்கொண்டு, அண்ணைக்குப் போன் எடுத்தாள்.

அவர் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது. கெல்லருக்குள் இறங்கினார், மெசின் ஒழுங்காக ஓடியது. மேலே வந்து அறை அறையாகப் போனவர், நாலாவது அறையில் கத்தினார்.

"ஆர் இந்த ஹைசுங்கெல்லாத்தையும் பூட்டினது?"

"நான்தான்" என்றார் சித்தப்பா. "மற்ற அறையளின்ரை ஹைசுங்கைப் பூட்டினால் சூடெல்லாம் பிள்ளையின்ரை அறைக்கு வருமெண்டு."

அது மட்டுமா? குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி பிடித்த புகை போகட்டுமென்று மேல்மாடிச் சன்னல்களைத் திறந்துவிட்டவரும் அவர்தான். காலையிலிருந்து அவை திறந்தே கிடந்தன.

"ஐயா, இது அடுப்பில்லை. மெதுவா எல்லா அறையாலையும் சேர்ந்துதான் வீட்டைச் சூடாக்கும்." அண்ணை சன்னல்களைச் சாத்தி, ஹைசுங்குகள் அத்தனையையும் திறந்தார். சித்தப்பாவின் ஹீட்டர்களைக் காருக்கே திருப்பி அனுப்பினார். "நாளைக்குக் காலமை பாருங்கோ."

காலையில் இருபத்தொன்றரை. வெளியே அதே மைனஸ் பன்னிரண்டு. பத்து மணிக்கு முப்பது பேர் வந்து நிறைந்ததும் இருபத்துநாலு. ஜாக்கெற் கழன்றது, சுவெற்றர் கழன்றது. கோட் சூட்டோடு நின்ற சித்தப்பா வியர்த்துக் கொட்டியபடி என் காதுக்குள், "அந்தாளை ஒருக்கா பாசலுக்கு வரச் சொல்லுறியோ? என்ரை மெசினும் நிண்டு நிண்டுதான் ஓடுது" என்றார். பாசலை வின்டர்தூர் வென்றது. நான் அன்று பூமிக்கு மேலே அரை அடி உயரத்தில் நடந்தேன்.

எல்லோரும் போன பிறகு பார்த்தால், கெல்லர் அண்ணை எங்கள் சோபாவிலேயே வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் குளிருமோ என்ற பயத்தில் அவர் முதல்நாள் இரவு கண்ணே மூடவில்லை என்று சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லியிருந்தார். அந்த மனிதரிடம் நாங்கள் ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் நல்ல சூடு, போர்வைக்கு அவசியமே இல்லை. ஆனாலும் சுதா எங்கள் கட்டிலிலிருந்து ஒன்றை எடுத்துவந்து, கழுத்துவரைக்கும் இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.