பெரியக்காவுக்குத் தெரியக் கூடாத சீனித் தண்ணி

பிள்ளையின் நோய் வருத்தத்தை ஊருக்கு மறைக்கக் கொரோனா ஊரடங்கைப் போல வசதியான காலம் வேறில்லை. அந்த நாட்களில் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டின் கதவைத் தட்டியவர் மரக்கறிக்காரர் மட்டும்தான். அவருக்கு எங்கள் சொந்தக்காரர் எவரையும் தெரியாது.

மகள் அபிக்கு அப்போது ஒன்பது வயது. நீரிழிவு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பொலிஸ் பாஸோடு பொரளை வரை இன்சுலின் தேடி அலைந்த என் வீரக்கதையை நானே பலருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையை மட்டும் மற்றவர்கள் சொல்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் பெரியக்காவுக்கு அறுபதாவது பிறந்தநாள். ஸூமில் குடும்பமே கூட, அபி வாழ்த்துப் பாடுவதாக ஏற்பாடு. அக்கா ஊசியைக் கண்டால் கனடா வரை செய்தி பறந்துவிடும். (பிறகு இவளை யார் கட்டுவது? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் பட்ட கவலை!) ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கான ஊசியை அழைப்புக்கு முன்பே போட்டுவிட்டேன். ஊசி போட்டால் சாப்பாடு பிந்தக்கூடாது, இரத்தத்தில் சீனி இறங்கிவிடும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று நான் நினைத்தேன். கனடாச் சித்தப்பாவோ நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு, "கேக்குதோ? கேக்குதோ?" என்றே அரை மணித்தியாலத்தைத் தின்றுவிட்டார்.

"அப்பா, கை நடுங்குது" என்றாள் அபி மெதுவாக.

"பாட்டு முடியட்டும் பிள்ளை. உடன சாப்பிடலாம்."

இரண்டாவது வரியிலேயே அவளுக்கு நாக்குக் குழறியது. முகமெல்லாம் வியர்த்து என்மேல் சாய்ந்துவிட்டாள். அப்போதும் எனக்குக் கௌரவம்தான் முதலில் ஞாபகம் வந்தது. கமராவை அணைத்துவிட்டு, சமையலறையில் நின்ற மனைவியிடம் கத்தினேன். "கெதியாச் சீனித் தண்ணி கொண்டு வாரும்! அக்காவுக்குத் தெரியப்படாது, அவ ஊரெல்லாம் சொல்லித் திரிவா!"

மைக்கை அணைக்கவில்லை.

"தம்பி, எல்லாம் கேக்குதடா" என்றது அக்காவின் குரல். "முதல்ல பிள்ளைக்குக் குடு. கதையைப் பிறகு பாப்பம்."

அபி குடித்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் என்ன களவே எடுத்தனான், அப்பா?"

நான் அப்போதுதான் மைக்கை அணைத்தேன்.

அக்கா ஊரெல்லாம் சொல்லத்தான் சொன்னார். பிள்ளையின் வருத்தத்தை அல்ல, என் விசர்த்தனத்தை. இப்போதும் குடும்ப அழைப்புகளில் நான் வாயைத் திறக்குமுன் யாராவது "தம்பி, மைக்கைப் பார்" என்பார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அபியும் சிரிப்பாள். ஆனால் சீனி இறங்கும்போது, நான் பக்கத்திலேயே இருந்தாலும், அவள் கூப்பிடுவது அம்மாவைத்தான்.