பெஞ்சாகா அண்ணனின் கையெழுத்து

பினாங்குத் தீவில் யாருடைய சொந்த விஷயத்திலும் தலையிடும் முழு உரிமை ஒரே ஒரு மனிதருக்கு உண்டு என்று நான் நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம், அவர் அப்படி நம்பிக்கொண்டிருந்தார்.

பாயான் பாருவில், தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் அப்போது நான் இருந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உட்கார்ந்து, கடுகு அளவு சில்லுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது என் வேலை. விடுதி வாசலில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. காவலாளி என்பதெல்லாம் பத்திரிகைத் தமிழ். எங்கள் பக்கம் அந்த வேலைக்கு ஜாகா என்று பெயர்.

நான் போய்ச் சேர்ந்த அன்றே தகராறு. விடுதியில் சேருகிற விண்ணப்பப் பாரத்தில் ‘பெற்றோர் அல்லது பெஞ்சாகா’ என்று மலாயில் ஒரு கட்டம் இருந்தது. பெஞ்சாகா என்றால் பாதுகாவலர். அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுகிறவர். நான் அப்பா பெயரை எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“என் பேரையும் எழுதும்மா. பக்கத்துல எடம் இருக்குல்ல?”

“உங்க பேரு எதுக்குண்ணே?”

“பெஞ்சாகான்னு போட்டிருக்கு. நான்தானே இங்க ஜாகா?”

“அண்ணே, அது வேற லா. அது கார்டியன்.”

“என்ன வேற? ஜாகா, கேட்டைப் பாக்குறவன். பெஞ்சாகா, கேட்டுக்கு உள்ள இருக்கிறவங்களைப் பாக்குறவன். நான் ரெண்டையும்தான் பாக்குறேன். எழுது.”

நான் எழுதவில்லை. ஆனால் இதே வாதத்தை அவர் எனக்கு முன்னால் வந்த எல்லாப் பெண்களிடமும் செய்திருந்தார் என்பது மாடிக்குப் போன பிறகு தெரிந்தது. அதனால் அவர் பெயரே பெஞ்சாகா அண்ணே. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால், அடையாள அட்டை இருக்கும் சட்டைப்பையைத் தட்டி, “அது ஐசியில இருக்கு, பத்திரமா இருக்கு” என்பார்.

வெளியே போகிற பெண்கள் நேரத்தைக் குறிக்க வாசலில் ஒரு பதிவேடு. நேரம் எழுதுவது நாங்கள். பக்கத்தில் குறிப்பு எழுதுவது அவர். ‘மழை வரும்போல இருந்தது. குடை எடுக்கவில்லை. சொன்னேன், கேட்கவில்லை.’ ‘ஈரத்தலையோடு போகிறாள். தும்முவாள்.’ மறுநாள் அதே பெண் தும்மினால் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்.

சாப்பாடு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் பையன்களுக்கு எங்கள் வாசல் என்றாலே நடுக்கம்.

“மீ கோரெங்கா? யாருக்கு? செல்விக்கா? நேத்துதான் வயிறு சரியில்லைன்னு படுத்துக் கெடந்தா. திருப்பி எடுத்துட்டுப் போயி கஞ்சி கொண்டா.”

“அண்ணே, நான் கொண்டுவர்றவன் லா. சமைக்கிறவன் இல்ல.”

“அப்ப சமைக்கிறவனுக்குப் போனைப் போடு. நான் பேசுறேன்.”

ஒருமுறை என் சொந்த அண்ணன், முறுக்கு டின்னோடு என்னைப் பார்க்க வந்தான். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் இறங்கி வருவதற்குள் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, என்ன வேலை, எந்த வீடு, சிகரெட் உண்டா, கடைசியாக அம்மாவுக்கு எப்போது போன் செய்தாய் என்று முக்கால் மணி நேரம் விசாரித்திருக்கிறார். நான் வந்தபோது அண்ணன் குனிந்த தலையோடு அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். “பத்து நாளா பேசலையாம்” என்று பெஞ்சாகா அண்ணே என்னிடம் கோள் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம்தான் கலாவின் கதை போய்ச் சேர்ந்தது.

கலா, என் பக்கத்துக் கட்டில். சுங்கை பாக்காப்புக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா அம்மா இல்லை, வளர்த்தது மாமா. மூன்று வருடம் தொழிற்சாலையில் நின்றுகொண்டே படித்து, டவுனில் ஒரு தாதியர் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டாள். சேர்க்கைப் பாரத்தில் பெஞ்சாகா கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். மாமா போட மறுத்துவிட்டார். “கல்யாணப் பத்திரிகையில வேணா பேரு போடுறேன். ஊசி போடுற வேலைக்கெல்லாம் போட முடியாது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

கலா அழுதது மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு. அது எப்படிக் கேட்டுக்குக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. வழக்கமாக லீவு நாளிலும் வாசலுக்கு வந்து, அன்றைய ஜாகாவுக்கு வேலை கற்றுக்கொடுப்பார். அந்தச் செவ்வாய் வரவில்லை. பழைய மோட்டாரில் பினாங்குப் பாலத்தைத் தாண்டி, மாமாவிடம் பேச சுங்கை பாக்காப்புக்கே போயிருந்தார்.

மறுநாள் அவராகத்தான் கலாவிடம் சொன்னார்.

“உன் மாமா, ‘நீ யாருய்யா’ன்னு கேட்டாரு. ‘ஜாகா’ன்னேன். ‘அப்ப போயி கேட்டைப் பாரு’ன்னுட்டாரு.” பதிவேட்டை மூடி வைத்தார். “காப்பி குடுத்தாரு. அதுல குறை சொல்ல முடியாது.”

அதன் பிறகு நடந்ததுதான் எங்களைக் கலங்கடித்தது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மீ கோரெங் தாராளமாக உள்ளே போனது. பதிவேட்டில் வெறும் நேரம் மட்டும். செல்வி வேண்டுமென்றே ஈரத்தலையோடு அவர் முன்னால் மூன்று முறை நடந்து பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை. “அண்ணனுக்கு உடம்புக்கு என்னமோ” என்று மேலே வந்து சொன்னாள்; அவள் குரலே சரியில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கலாவைக் கூப்பிட்டார்.

“அந்தப் பாரத்தைக் கொண்டாம்மா.”

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மூவரும் டவுனுக்குப் பஸ் ஏறினோம். நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். அண்ணே, இஸ்திரி போட்ட நீலச் சட்டைக்கு மேல் ஒரு சிவப்பு டை கட்டியிருந்தார். யாரிடம் வாங்கியதோ, தொப்புளுக்கு நான்கு விரல் மேலேயே முடிந்துவிட்டது.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மூன்றாவது தடவைதான், “ஏய், நான்தான் லா அது” என்று அண்ணே எழுந்தார். கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண். பேச்சு மலாயில் நடந்தது.

“ஐயா, மாணவிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பெஞ்சாகா என்று எழுதியிருக்கிறீர்கள். தொழில் என்ற இடத்தில் ஜாகா. இரண்டும் ஒன்றா?”

“ஒண்ணில்லம்மா. மேல இருக்கிறது வேற, கீழ இருக்கிறது வேற. மேல இருக்கிறதுக்குச் சம்பளம் கிடையாது.”

அந்தப் பெண் சிரிக்கவும் முடியாமல், பாரத்தை வாங்கவும் முடியாமல் உள்ளே போய் மேலதிகாரி அம்மாளைக் கூட்டிவந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“ரத்த உறவா?”

“இல்ல.”

“வளர்த்தவரா?”

“இல்ல.”

“அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு நீங்கள் யார்?”

அண்ணே டையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அதே கேள்விதான் சுங்கை பாக்காப்பிலும் கேட்கப்பட்டிருந்தது.

கலாதான் பேசினாள்.

“நான் எத்தனை மணிக்குத் திரும்பி வர்றேன்னு கேக்குற ஆளு இந்த ஊருல இவரு ஒருத்தருதான், மேடம். கொஞ்சம் ஓவராத்தான் கேப்பாரு.”

அதிகாரி அம்மாள் பாரத்தை இன்னொரு முறை படித்தார். “உனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. மாமாதான் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அவசரத்துக்கு அழைத்தால் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.” பிறகு அண்ணனிடம், “கூப்பிட்டால் வருவீர்களா?” என்றார்.

“செவ்வாய்க்கிழமை லீவு, அன்னைக்கு வருவேன்.” கொஞ்சம் யோசித்தார். “மத்த நாள்ல லீவு போட்டுட்டு வருவேன்.”

கையெழுத்துப் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. முதலில் ஒரு வெற்றுத்தாள் கேட்டு வாங்கி, அதில் நான்கு தடவை போட்டுப் பழகினார். பாரத்தில் போட்ட பிறகு ஊதிக் காய வைத்தார். பால்பாயிண்ட் பேனா என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முத்திரை விழுந்ததும் கலாவிடம், “கல்லூரி ஹாஸ்டல்ல ஜாகா யாருன்னு விசாரிச்சியா? நான் வந்து பேசணும்” என்றார். அப்பாடா, ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கும் கலாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். தாதியர் சாப்பிட வேண்டியது, சாப்பிடக் கூடாதது என்று ஆரம்பித்தவர் ஒரு வாக்கியத்தின் பாதியில் தூங்கிப்போனார். தலை மெல்லச் சாய்ந்து கலாவின் தோளில் விழுந்தது.

எங்கள் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. கலா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது. பஸ் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வரட்டும் என்று இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.