கிளுவை வேலியில் இரண்டடி

மாதக் கடைசியில் கிராம அலுவலரான விதானையார் எல்லை பார்க்க வருகிறார் என்ற செய்தியும் நவரத்தினத்தின் வேலியில் முதல் துளிரும் ஒரே நாளில் வந்தன.

துளிர்க்கக்கூடாத வேலி அது. மழைக்குச் சாய்ந்ததைத் திருத்துகிற சாட்டில், வேலி அடைக்கும் கூலியாள் கிருஷாந்தனைக் கொண்டு பழைய கிளுவைக் கதியால் கட்டைகளை நிலமட்டத்தில் வெட்டி, பக்கத்துக் காணிக்குள் இரண்டடி தள்ளி நட்டிருந்தார். காணிக்காரி சிவலட்சுமி முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

"பத்து வருசமா இதே இடத்தில நிக்கிற வேலி" என்று நவரத்தினம் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கட்டைகள் மொட்டையாக நின்றவரை, பட்டுப்போன பழங்கட்டைகள் என்று அதை நம்பலாம். கொழுந்து விட்டால், புதிதாக நட்டது என்று நறுவிலிக்குளத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். அவரோ கோயில் நிர்வாகத் தலைவர். காணிக் கள்ளன் என்று பேர் வந்தால் திருவிழாவில் எந்த முகத்தோடு நிற்பது?

துளிர்களையெல்லாம் கிள்ளி எறிந்தார். பத்தாம் நாள் கட்டைக்கு நாலு துளிர் நின்றது.

"நுனியைக் கிள்ளினா பக்கத்து மொட்டெல்லாம் முழிக்கும், அப்பா" என்றாள் உயிரியல் படிப்பிக்கும் மகள் வேணுஜா. "பட்டைக்கு உள்ளுக்கு என்னவாயும் மாறக்கூடிய உயிர்க்கலங்கள் இருக்கு. வேர் வேணுமெண்டா வேர், இலை வேணுமெண்டா இலை."

"நான் வேலை செய்த கந்தோரிலயும் அப்பிடி ஆக்கள் இருந்தவை. கடைசிவரை ஒண்டாயும் மாறேல்லை."

பழசாகத் தெரியட்டும் என்று சாணியைக் கரைத்துக் கட்டைகளில் பூசினார். வேலி செழித்தது.

விதானையார் வருவதற்கு முதல் நாள் காலையில் வேணுஜா கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வந்து பாருங்கோ."

பழைய வேலி இருந்த இடத்தில், வெட்டிவிட்ட அடிக்கட்டைகள் எல்லாம் முளைத்திருந்தன. நூல் பிடித்தாற்போல் நேர்கோடு. எல்லை எங்கே இருந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"இதுகள் செத்ததெண்டெல்லோ நினைச்சன்."

"வேர் இருக்கே, அப்பா. அது எப்பிடிச் சாகும்?"

நவரத்தினம் கதிரையில் இருந்து நெடுநேரம் யோசித்தார். பயம் வென்றது. கிருஷாந்தனை அழைத்து, நட்டதையெல்லாம் பிடுங்கிப் பழைய இடத்திலேயே போடச் சொன்னார். பின்னேரத்துக்குள் வேலை முடிந்தது.

மறுநாள் விதானையார் வந்து பார்த்தார். சிவலட்சுமியும் பார்த்தார்.

"இதுதான் எல்லை எண்டு ரெண்டு பேரும் ஒப்புக்கொள்ளுறீங்களோ?"

"ஓம்" என்றார் நவரத்தினம்.

"எனக்குச் சந்தோசம், அண்ணை" என்றார் சிவலட்சுமி. அவசரமாகக் கையெழுத்தும் வைத்தார். நவரத்தினமும் வைத்தார். விதானையார் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். சிவலட்சுமியும் வீட்டுக்குப் போய்விட்டார்.

மானம் தப்பிய நிம்மதியில் நவரத்தினம் தானே தேத்தண்ணி கொண்டுவந்து கிருஷாந்தனுக்குக் கொடுத்தார்.

அவன் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னான்:

"நாலு வருசத்துக்கு முந்தி நீங்கள் கொழும்பில நிக்கேக்க, சிவலட்சுமி அக்கா சொல்லி இந்த வேலியை உங்கட பக்கம் ரெண்டடி தள்ளிப் போட்டதும் நான்தான், ஐயா. போன மாசம் நீங்கள் நடச் சொன்ன இடம்தான் சரியான எல்லை."