லிஃப்டில் தலைமை ஏற்றது தொடர்பாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். தாங்களும், தங்கள் வீட்டு அம்மாவும், மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்றும், லிஃப்டின் தரையில் உட்கார்ந்ததால் தங்களுக்கு ஏற்பட்ட இடுப்புப் பிடிப்பு இந்நேரம் விட்டிருக்கும் என்றும் நம்புகிறேன். நடந்ததற்குப் பிறகும் ‘சம்பந்தி’ என்று எழுதலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசித்தேன். தயங்குகிறவன் தலைவனாக முடியாது என்பதால் எழுதிவிட்டேன்.

தங்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதும்படி என் மனைவி சொன்னாள். இது அதுவல்ல. அன்று நீங்கள் பின்பக்க மூலையில் நின்றதால், முன்னால் நடந்த பல விஷயங்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. அதை விளக்கிவிட்டால் என் மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தம் போய், மரியாதை வந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் நான் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பஸ் மலைப்பாதையில் உருண்டு, ஆளரவமில்லாத பள்ளத்தாக்கில் விழுந்துவிடுகிறது. பிழைத்தவர்களில் டாக்டர் இருக்கிறார், போலீஸ் அதிகாரி இருக்கிறார், பெரிய தொழிலதிபர்கூட இருக்கிறார். ஆனால் எல்லோரையும் கட்டி மேய்ப்பவர் அந்த பஸ்ஸின் கண்டக்டர். அவர் கத்துவதே இல்லை. ஒரு புருவத்தை மட்டும் தூக்குவார், தொழிலதிபர் பேசாமல் போய் விறகு பொறுக்குவார். தலைமை என்பது பதவியில் இல்லை, ஆளில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரசாங்கப் பண்டகசாலையில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என் கீழே இருந்தது ஒரே ஒரு பியூன், அவரும் பாதி நாள் பக்கத்து செக்‌ஷனுக்குப் போய்விடுவார். ஆனால் அந்தக் குணம் எனக்குள் இருக்கத்தான் செய்தது, வெளியே வருவதற்கு ஒரு விபத்துதான் வாய்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று புருவம் தூக்கிப் பழகினேன். கண் டாக்டரிடம் போகச் சொன்னாள் என் மனைவி.

இந்த நிலையில்தான் தாங்கள் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். முன்னதாகவே வந்துவிட்ட மாப்பிள்ளையும் என் பெண்ணும் மேலே நான்காவது மாடியில் காத்திருக்க, நானும் என் மனைவியும் கீழே வந்து தங்கள் இருவரையும் லிஃப்டுக்குள் அழைத்தோம். கதவு மூடியது. நீங்கள் பயணத்தைப் பற்றிச் சொன்னீர்கள், நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன், பேச்சு வற்றிய பிறகுதான் லிஃப்ட் அசையவே இல்லை என்று கவனித்தேன். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் லிஃப்ட் நிற்கிறது. என் நேரம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். தங்கள் வீட்டு அம்மா பொத்தான்கள் இருக்கும் பக்கமாகக் கையை நீட்டியபோது, “யாரும் எதையும் தொடக்கூடாது” என்று நான் தடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது அதட்டல் அல்ல, முன்னெச்சரிக்கை. தொடரில் ஒரு பயணி தெரியாத்தனமாக ஹேண்ட்பிரேக்கைத் தொட்டதில், மிச்சமிருந்த பஸ்ஸும் சரிந்தது.

அடுத்து, பேட்டரியை மிச்சப்படுத்த எல்லோருடைய போனையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பைக்குள்ளிருந்து என் பெண்ணின் அழைப்பு விடாமல் அடித்ததும், நான் எடுக்காததும் உண்மைதான். சொல்வதற்குச் செய்தி இல்லாதபோது எடுத்து என்ன பேசுவது? காற்றை மிச்சப்படுத்த உங்களை உட்கார வைத்தேன். நீங்கள் ஆசையாகக் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை ஆளுக்கு ஒரு சுளை வீதம் பங்கிட்டேன். உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அந்தச் சுளையையும் திருப்பி வாங்கி, உடல்நலம் கருதி நானே சாப்பிட்டேன். அப்போதுதான் நீங்கள் பொறுமை இழந்தீர்கள்.

“முந்நூறு பேரை வச்சு வேலை வாங்கினவன் நான்” என்றீர்கள்.

“அது தரையில. இப்ப நாம அந்தரத்துல தொங்குறோம்” என்றேன் நான்.

கலகக்காரனை அடக்காதே, பொறுப்பைக் கொடு என்பது கண்டக்டரின் வழி. எனவே அந்த இடத்திலேயே உங்களைத் துணைத் தலைவராக நியமித்தேன். அவருக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். நான் மயங்கி விழுந்தால் பொறுப்பை ஏற்பது என்றேன். எப்போது மயக்கம் வரும் என்று உடனே ஆவலாக விசாரித்தீர்கள். அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன். இதற்கிடையில் நம் வீட்டுப் பெண்கள் இருவரும் ஒருவரோடொருவர் ஏதோ கிசுகிசுத்தபடி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். அழுகையை அடக்குகிறார்கள் என்பதைப் பார்த்து, அவர்களுக்குத் தைரியமூட்டத்தான் அந்த உரையை ஆற்றினேன். அது நீளம் என்று நீங்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆனால் முடிவில் எல்லோரையும் கண்ணை மூடி, மனதை ஒருமுகப்படுத்தச் சொன்னேன் அல்லவா? நானும் மூடினேன். லிஃப்ட் கிளம்பிவிட்டது. தலைமை என்பது இதுதான்.

கதவு திறந்ததும் நீங்கள் யாரோடும் பேசாமல் உள்ளே போய், பேசாமல் டீ குடித்து, பேசாமலே கிளம்பிவிட்டீர்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. என் பெண் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவதற்குச் சில நாள் முன்பு அவள் தன் சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வரப்போகும் மாமனார் எவ்வளவு பெரிய ஃபேக்டரியில் மேனேஜர், எத்தனை பேர் அவர் கீழே என்று விலாவாரியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். “அப்பா கவர்ன்மென்ட்ல இருந்தாங்க” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. சொல்வதற்கு நான் எதையும் வைக்கவில்லை. சாதாரண ஆளின் பெண்தானே என்று நீங்கள் அவளைக் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம். என் மேல் கோபம் இருந்தால் அது என்னோடு போகட்டும், கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். நடந்த அனைத்துக்கும் நானே பொறுப்பு. தலைவர் என்ற முறையில் வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது.

தங்கள் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் மனம் நிறைந்த ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், குறைவில்லாத செல்வத்தோடும், ஓடுகிற லிஃப்டுகளோடும் வாழ வேண்டுமென்று விரும்பும்,

தங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையில் போடும் முன் இதை என் மனைவி வாங்கிப் படித்தாள். லிஃப்டில் பழுதே இல்லையாம். நாம் நால்வரும் கீழ்த்தளத்திலேயேதான் நின்றிருந்தோமாம், மாடிக்கான பொத்தானை யாருமே அழுத்தவில்லையாம். விருந்தாளியான நீங்கள் வீட்டுக்காரர் அழுத்துவார் என்று இருந்தீர்கள். எனக்கோ எப்போதும் என் மனைவிதான் அழுத்துவாள். அவள் அன்று மரியாதைக்காகப் பின்னால் நின்றுவிட்டாள். நான் கண்ணை மூடிய சமயத்தில் தங்கள் வீட்டு அம்மாதான் முழங்கையால் அழுத்தியிருக்கிறார். அதோடு, இரண்டு அம்மாக்களும் அன்றிலிருந்து தினமும் போனில் பேசிச் சிரித்து, கல்யாணத் தேதியையே முடிவு செய்துவிட்டார்களாம். தெரிந்திருந்தும் லிஃப்டில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என் மனைவியைக் கேட்டேன்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல” என்றாள்.

ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடவும். தேதி என்றைக்கு என்று தங்கள் வீட்டில் கேட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லவும்.