முப்பத்துமூன்றாவது எழுத்து

என் பெயர் எவ்வளவு நீளம் என்பதை நானே மறந்திருந்த காலம் ஒன்று உண்டு. அதன் விளைவாக, சோலோதுர்ன் நகரில் ஒரு முழு அலுவலகம் அரை நாள் கைகட்டி இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கடின் என்ற மலைப்பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் மூன்று பனிக்காலம் கோப்பை கழுவிவிட்டு, கொழும்பில் அரைகுறையாய் விட்ட கணினிப் படிப்பைத் தூசு தட்டி, ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நுழைந்திருந்தேன். மூன்று மாதம் புரோபெட்சைட், அதாவது தகுதிகாண் காலம். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் திரும்ப மலைக்கு ரயில் ஏற வேண்டியதுதான். என் மனைவி ராஜி அந்த மூன்று மாதமும் வெள்ளியோடு செவ்வாயும் மச்சம் மாமிசம் தொடவில்லை. (நான் தொட்டேன். வீட்டுக்கு ஒருவர் விரதம் இருந்தால் காணும்.)

அலுவலகத்தின் சேர்வரில் ஓடியது, பல நாட்டவர் சேர்ந்து இலவசமாக எழுதும் ஓர் இயங்குதளம். யாரும் அதற்குத் திருத்தம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பலாம். மற்றவர்கள் அதை வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்டு, திருப்தி வந்தால் சேர்ப்பார்கள். முதலாளி ஹெர் கெர்பர் சொன்னார்: “உங்கள் திருத்தம் ஒன்று அங்கே ஏறட்டும். நிரந்தர ஒப்பந்தம் தருகிறேன்.”

தேடினேன், கிடைத்தது. ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம், அதன் பெயரை வைத்திருக்க நினைவகத்தில் நாலாயிரம் எழுத்துக்கு மேல் கொள்ளும் இடம் ஒதுக்கப்பட்டது. இரண்டு பேர் தேத்தண்ணி குடிக்கக் கலியாண மண்டபம் எடுத்த கதை. எங்கள் சேர்வரிலிருந்த பெயர்களை எல்லாம் எண்ணினேன். மிக நீளமானது இருபத்தாறு எழுத்து. முப்பத்திரண்டு தாராளம் என்று முடிவுகட்டி, அந்த அளவுக்கே இடம் ஒதுக்கும்படி மாற்றினேன். ஹோட்டல் சமையற்காரர் ஆளுக்கு இரண்டரை உருளைக்கிழங்கு என்று எண்ணிப் போடுவார், ஒன்றும் மிஞ்சாது. வந்து சேர்ந்த நாட்டிடம் நான் கற்ற ஒரே தத்துவம் அது.

ராஜியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நாலு பேருக்குச் சமைச்சா ஆறு பேருக்குக் காணோணும். சொல்லாமல் ஆரும் வந்தா என்ன செய்வியள்?” என்றாள்.

“இது சமையல் இல்லையப்பா. இஞ்ச ஒருத்தரும் சொல்லாமல் வாறேல்லை.”

திருத்தத்தை அனுப்பினேன். அதை வாசித்தவர்களில் ஓர் ஒல்லாந்துக்காரர் ஒரே வரியில் கேட்டார்: “முப்பத்திரண்டை விட நீளமான பெயர் வந்தால்?” எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “நடைமுறையில் அவ்வளவு நீளமாக யாரும் பெயர் வைப்பதில்லை” என்று எழுதி, மரியாதைக்கு என் முழுப் பெயரையும் கீழே போட்டேன். அலுவலகத்தில் நான் வெறும் ‘ஹெர் சிவா’, அதாவது திரு சிவா. முழுப் பெயர் விசாவில் மட்டும் உயிரோடு இருந்தது.

பதில் வருமுன்பே திருத்தத்தை எங்கள் சேர்வரில் ஏற்றிவிட்டேன். (அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.) நினைவகம் மிச்சமானதைப் பார்த்த கெர்பர் முகம் மலர்ந்து, செயலாளர் ஃபிராவ் ஏமியிடம் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அந்த அம்மா என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பிழையில்லாமல் அடித்து, கோப்புக்கும் அதே பெயரை வைத்துச் சேமித்தார்.

சேர்வர் செத்தது.

எழுப்பினோம். மறுபடி சேமித்தார், மறுபடி செத்தது. மூன்றாம் முறை அவர் கண் கலங்கிவிட்டது. “நான்தான் எதையோ பிழையாக அழுத்துகிறேன், மன்னியுங்கள்” என்றார். நான் பெருந்தன்மையோடு, “பரவாயில்லை, சிலருக்குக் கணினி ஒத்துவராது” என்று ஆறுதல் சொன்னேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அப்போது ஒல்லாந்துக்காரரின் பதில் வந்தது. கெர்பர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார்.

“உங்கள் பெயரை எண்ணினேன். முப்பத்துமூன்று.”

கெர்பர் பேனா நுனியால் திரையைத் தொட்டு, ஆங்கில எழுத்தில் கனகசபாபதி பதினைந்து, நடுவில் புள்ளி ஒன்று, சிவபாதசுந்தரம் பதினேழு என்று நிதானமாக எண்ணினார். இடமில்லாத கடைசி எழுத்து நினைவகத்தின் அடுத்த அறைக்குள் காலை வைத்துச் சேர்வரைக் கவிழ்த்திருந்தது. பிறகு சொன்னார்: “ஹெர் சிவா, உங்கள் ஒப்பந்தத்தைச் சேமிக்க முதலில் ஒரு வழி செய்யுங்கள். கையெழுத்தைப் பிறகு பார்ப்போம்.”

ராஜி தொலைபேசியில் கேட்டாள்: “கையெழுத்து வைச்சாச்சோ?”

“இல்லையப்பா. என்ர பேர் கொள்ளேல்லை.”

“எதுக்குள்ள?”

“நான் வெட்டின இடத்துக்குள்ள.”

“எங்கட கலியாணக் கார்ட்டிலேயே அது ரெண்டு வரியெல்லோ? எண்ணிப் பாக்கேல்லையோ?”

சின்னப் பெயருக்குச் சின்ன இடம், பெரிய பெயருக்குப் பழைய மண்டபம் என்று மாற்றி எழுதினேன். நாலு முறை திருப்பியடித்த பிறகு ஒல்லாந்துக்காரர் ஏற்றுக்கொண்டார். ஃபிராவ் ஏமியிடம் முழுக்கதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒப்பந்தத்தைச் மறுபடி சேமித்தார். சேர்வர் உயிரோடு இருந்தது. கெர்பர் பேனாவை நீட்டினார். கையெழுத்துக்கு விட்ட கோடு என் பெயருக்குக் காணவில்லை.

இன்றும் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், ராஜி அரிசியை அளந்து உலையில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சுண்டு போடுவாள்.

“இது முப்பத்துமூண்டாம் ஆளுக்கு.”

வந்தவர்கள் யார் அவர் என்று கேட்பார்கள். எங்கள் மகள் என் பக்கம் கையைக் காட்டுவாள்.