சலூன் அண்ணன் நலமாக இருக்கிறார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழின் வாசகர் புகைப்படப் பக்கத்தில், வலது மூலையில், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கு நேர் மேலே, தம் முதல் படைப்பை அச்சில் காணும் பேறு பெற்ற புகைப்படக் கலைஞர் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அலுவலகத்தாரும் நலமாக இருக்க விழைகிறேன். என் படத்தைத் தேர்ந்தெடுத்த உதவி ஆசிரியர் மட்டும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் நலத்துடன் இருக்கட்டும். இங்கு நானும் என் கணவரும் நலம். சலூன் அண்ணனும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாங்கள் முழுமையாக நம்பலாம். வேறுவிதமான செய்தி ஏதேனும் தங்கள் செவிக்கு எட்டியிருந்தால், அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு அடங்கியது என்பதை விளக்கவும், தாங்கள் கேட்டிருந்த புதிய படத்தை இணைத்து அனுப்பவுமே இம்மடல்.

என்னைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. நகல் எடுத்தல், லேமினேஷன், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகிய மூன்றும் நடைபெறும் கடையின் உரிமையாளர் நான். புகைப்படக் கலையை எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. கேமராவோடு வந்த விளக்கப் புத்தகம் எனக்குத் தெரியாத மொழியில் இருந்ததால், அதிலிருந்த படங்களைப் பார்த்தே நானாகக் கற்றுக்கொண்டேன். நான் எடுத்த முகங்கள் எத்தனையோ எல்லைகளைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றின் கீழும் என் பெயர் வந்ததில்லை. தெருவில் என்னை எல்லோரும் ‘ஜெராக்ஸ் அக்கா’ என்றுதான் அழைக்கிறார்கள். இயந்திரத்தின் பெயரால் ஒரு மனுஷியை அழைப்பது பற்றி எனக்குள்ள கருத்தை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை.

என் கடைக்கு அடுத்த கடை சலூன். அதன் உரிமையாளரான அண்ணன், ஒரு வாடிக்கையாளருக்குக் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு, ‘அஞ்சு நிமிஷம்’ என்று அவரை பெஞ்சில் உட்கார வைத்து, தம்முடைய சுழல் நாற்காலியில் தாமே சாய்ந்து உறங்கிப்போன வேளையில் எடுத்ததுதான் தாங்கள் வெளியிட்ட படம். எடுப்பதற்கு முன்னால் ‘எப்போதாவது ஒரு படம் எடுக்கட்டுமா’ என்று கேட்டுத்தான் வைத்திருந்தேன். ‘எடுத்துக்குங்க அக்கா, எங்க வந்துடப் போவுது’ என்று அவரும் சிரித்திருந்தார். வந்துவிட்டது. இதழ் வெளிவந்த அன்று காலையில் பத்திரிகைக் கடைக்குப் போய் நின்றேன்.

“எத்தனை வேணும்?” என்றார் கடைக்காரர்.

“உள்ளவை அனைத்தும்.”

“வேற யாராச்சும் வந்து கேட்டா என்னம்மா சொல்றது?”

“என் கடைக்கு வந்து படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.”

அன்று முழுவதும் வேறு வேலையே ஓடவில்லை. பக்கத்தை வெட்டி லேமினேஷன் செய்து கல்லா மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஒன்று, பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்கள் நேராகப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒன்று, என் கணவரின் சாப்பாட்டுப் பையில் ஒன்று என்று வைத்தேன். மின்மீட்டர் பழுதுபார்க்கும் அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “படம் தபால்தலை அளவுதான் இருக்கு, நீ பேசறது என்னவோ பேனர் அளவுக்கு இருக்கே” என்றார். கலைஞரின் முதல் எதிரி வீட்டுக்குள்தான் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு, பெருந்தன்மையோடு இன்னொரு பிரதியை அவர் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் தாங்களே தொலைபேசியில் அழைத்தீர்கள். ‘அந்தச் சலூன்காரரோட இன்னொரு நல்ல படம் கிடைச்சா ரெண்டு பக்கத்துக்கு விரிச்சுப் போடலாம்மா, ஆனா இந்தத் தடவை அவரோட சம்மதக் கடிதம் கட்டாயம் வேணும்’ என்றீர்கள். இரண்டு பக்கம்! ஐயா, அந்தச் சொற்களைக் கேட்ட பிறகு நான் கடையைப் பூட்டினேனா, இல்லையா என்பதே இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை. இரண்டு பக்கத்துக்கு விரிந்த படத்தின் கீழே ‘புகைப்படக் கலைஞர்’ என்று என் பெயர் வந்துவிட்டால் அப்புறம் யார் என்னை ஜெராக்ஸ் அக்கா என்பார்கள்? ஆனால் அதற்கு அண்ணனின் கையெழுத்து வேண்டும். அவரை மனம் குளிர வைத்துவிட்டுக் கேட்பதுதான் முறை என்று தீர்மானித்தேன். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

அண்ணனின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, பெரிய தாளில் நகலெடுத்து, அவர் சலூன் வாசலிலேயே ஒட்டி அவரை வியப்பில் ஆழ்த்துவது என் திட்டம். நகல் இயந்திரத்தின் மூடியை அழுத்தினால் என் முதல் படைப்பு மடங்கிவிடுமோ என்ற அச்சத்தில் மூடியைத் திறந்தே வைத்து எடுத்தேன். மூடி திறந்திருந்தால் படத்தைச் சுற்றி மீதி இடமெல்லாம் கறுப்பாக விழும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைய மகிழ்ச்சியில் அந்தக் கறுப்புக் கரை சட்டம் போட்டதுபோல் கம்பீரமாகத் தெரிந்தது. கீழே ‘நமது சலூன் அண்ணன்’ என்றும், இதழ் வெளிவந்த தேதியையும், தொடர்புக்கு என்று என் கைப்பேசி எண்ணையும் தட்டச்சு செய்து சேர்த்தேன். சலூன் கதவு இழுத்து மூடியிருந்தது. அண்ணன் பல் பிடுங்கப் போயிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இரும்புக் கதவின் நடுவில் ஒட்டிவிட்டு வந்தேன்.

கண்மூடிய முகம், கறுப்புக் கரை, ஒரு தேதி, வேலை நாளில் பூட்டிய கடை. இப்போது எழுதும்போது எனக்கே புரிகிறது. அப்போது புரியவில்லை. முதல் அழைப்பு கொஞ்ச நேரத்திலேயே வந்தது.

“அக்கா, உண்மையா?” என்றது ஒரு குரல்.

“உண்மைதான்.”

“நம்பவே முடியலையே அக்கா!”

“என்னாலும்தான் முதலில் நம்ப முடியவில்லை.”

“திடீர்னு இப்படி...”

“எல்லாம் திடீரென்றுதான் நடந்தது.”

“நாங்கல்லாம் வந்து பார்க்கலாமா?”

“தாராளமாக வாருங்கள். குடும்பத்தோடு வாருங்கள்.”

இதேபோல் பலர் அழைத்தார்கள். கதவில் ஒட்டியதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருக்க வேண்டும், வெளியூரிலிருந்து அழைத்த ஒருவர் பேச முடியாமல் விம்மினார். கலை மனிதரை அழவைக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். என் கலைக்கும் அந்த ஆற்றல் உண்டு என்று அன்றுதான் அறிந்தேன். அவரையும் ‘அவசியம் வாருங்கள்’ என்றேன்.

மாலையில் கூட்டம் கூடிவிட்டது. முடிதிருத்துவோர் சங்கத் தலைவர் மலர்வளையத்துடன் வந்து இறங்கியதைக் கண்டபோதுதான் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து, வீங்கிய கன்னமும் வாய் நிறையப் பஞ்சுமாக, பாதி முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அண்ணன் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். என்ன விஷயம் என்று கையால் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க சொந்தக்காரரா? அண்ணன் ஜாடை அப்படியே இருக்கு. மனசைத் தேத்திக்குங்க” என்று தோளில் தட்டினார். அண்ணன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, கதவில் ஒட்டியிருந்த தம் முகத்தைக் கண்டு, கிழிப்பதற்குக் கையை ஓங்கினார். அதே கணத்தில் தலைவர், “கிருதாவை நூல் பிடிச்ச மாதிரி இறக்குறதுல அவருக்கு நிகர் இந்தச் சங்கத்துல ஒருத்தன் கிடையாது” என்றார். ஓங்கிய கை அப்படியே நின்றது. புகழுரை முடியும்வரை அண்ணன் அசையவில்லை. முடிந்த பிறகுதான் பஞ்சைத் துப்பிவிட்டு, “எவன்யா செத்தது?” என்று கத்தினார்.

அதற்குப் பிந்தைய சில நிமிடங்களை நான் விவரிக்காமல் விடுவதே நாகரிகம். மலர்வளையத்தைப் பூக்கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று சொல்லித் தலைவர் அதைச் சலூன் கண்ணாடிமேலேயே மாட்டிவிட்டுப் போனார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். எல்லோரும் கலைந்ததும் சம்மதக் கடிதத்தை நீட்டினேன். நேரம் பொருத்தமானதல்ல என்று அறிவேன். ஆனால் இரண்டு பக்கம், ஐயா!

“கையெழுத்தா? உசுரோட இருக்கறவனுக்குப் போஸ்டர் அடிச்சவங்களுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? அக்கா, இனிமே அந்தக் கேமராவைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீங்க, மரியாதை கெட்டுடும்” என்றார் அண்ணன்.

வீட்டில் என் கணவர், “மூடியை மூடியிருந்தா இவ்வளவு வம்பே இல்ல” என்றார். அன்று நான் அவரோடு வாதிடவில்லை என்பதிலிருந்தே என் மனநிலையைத் தாங்கள் ஊகிக்கலாம். கைக்கு எட்டிய இரண்டு பக்கம் கைநழுவிப் போயிற்று என்றே எண்ணினேன்.

ஆனால் மறுநாள் காலையில், கையில் ஒரு பழைய பையோடு, அழுது சிவந்த கண்களோடு ஒரு பெரியவர் என் கடைக்குள் வந்து, “அம்மா, போன்ல பேசினது நான்தான். என் தம்பி எங்க?” என்றார். வெளியூரிலிருந்து விம்மியவர்! அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர். முன்னொரு காலத்தில் இருவரும் ஒரே சலூனில் தொழில் செய்திருக்கிறார்கள். யாருடைய வெட்டு சிறந்தது என்ற தர்க்கத்தில் ஒரே வாடிக்கையாளரின் தலையில் இடப்பக்கத்தை ஒருவரும் வலப்பக்கத்தை மற்றவரும் வெட்டி, அந்த மனிதர் இரண்டு தினுசாக எழுந்து போன அன்றிலிருந்து இவர்களுக்குள் பேச்சில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் பக்கத்துக் கடையைக் கைகாட்டினேன். ஏன் கேமராவையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன் என்று கேட்காதீர்கள்; கால் தானாகப் போயிற்று.

“நீ சாகலையா?” என்றார் மூத்தவர், வாசலில் நின்றபடி.

“இல்ல.”

“அப்ப நான் எதுக்குடா ரெண்டு பஸ் மாறி அழுதுக்கிட்டே வந்தேன்?”

“யாரு உன்ன வரச்சொன்னா?”

“இந்த அம்மாதான் அவசியம் வாங்கன்னாங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மலர்வளையத்தைப் பார்த்தேன். அப்புறம் மூத்தவர் தம்பியைச் சுற்றி வந்து பின்னந்தலையைப் பார்த்து முகம் சுளித்தார். “இதென்னடா, எலி கடிச்ச மாதிரி? எவன்கிட்ட வெட்டிக்கிற?”

“நானே கண்ணாடி வெச்சு...”

“தெரியுது. உக்காரு.”

அண்ணன் உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஐயா. கத்தரிக்கோல் மட்டும் பேசிற்று. மூத்தவர் நடுவில் ஒருமுறை முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மயிர் விழுந்துடுச்சு” என்றார். விழவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நொடியில் எடுத்த படம்தான் இத்துடன் இணைத்திருப்பது. கண்ணாடிக்குள் இரண்டு முகங்களும் தெரிகின்றன. ஒன்றில் கன்னம் வீங்கியிருக்கிறது, ஒன்றில் கண் வீங்கியிருக்கிறது, மேலே வளையத்தின் பூக்கள். நான் யாரையும் இப்படித் திரும்பு, அப்படிப் பார் என்று சொல்லாமல் எடுத்த இரண்டாவது படம் இது. இதைவிடச் சிறந்ததொன்றை நான் இனி எடுப்பேனா என்பது ஐயமே. கழுத்துத் துணியை அவிழ்க்காமலேயே அண்ணன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார். “எங்கண்ணனும் நானும் ஒண்ணா இருக்கற படம் எங்க வீட்டுல ஒண்ணுகூடக் கிடையாது அக்கா. வரட்டும்” என்றார்.

ஆகவே, இரு சகோதரர்களின் இணக்கத்தைப் பறைசாற்றும் இப்படத்தை வாக்களித்தபடி இரண்டு பக்கத்துக்கு விரித்து வெளியிட்டு, அதன் கீழே என் பெயரைப் ‘புகைப்படக் கலைஞர்’ என்ற அடைமொழியுடன், தங்களால் இயன்ற மிகப் பெரிய எழுத்தில் அச்சிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூட்டுவலித் தைலத்தாருடன் எனக்குப் பகை எதுவும் இல்லை. இம்முறை அவர்கள் அடுத்த பக்கத்தில் இருந்தால் போதும். தங்கள் இதழ் பல்லாண்டு தழைக்கட்டும். தங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் அன்பையும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் இதழால் அச்சேறிய புகைப்படக் கலைஞர்
(நேரில் வருவதானால் நகலகத்தின் வழியாக உள்ளே வரவும்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. மேற்கண்ட படத்தைத் தயவுகூர்ந்து வெளியிட வேண்டாம். சற்றுமுன் பின்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்த அண்ணன், இடப்பக்கம் ஏறியிருக்கிறது என்றார். ‘வெட்டு ஏறல, உன் கன்னம் வீங்கியிருக்கு’ என்றார் மூத்தவர். அங்கிருந்து அந்தப் பழைய வாடிக்கையாளரின் தலைக்குப் போய், அதன் வலப்பக்கமா இடப்பக்கமா என்று தொடங்கி, இப்போது இருவரும் என் கடை வாசலில் நின்று தெருவே கூடும்படி சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சமாதானப் படத்துக்கு அளித்த சம்மதத்தை அண்ணன் என் கண்முன்னே கிழித்துப் போட்டுவிட்டார். கவலை வேண்டாம். சண்டையை அடுக்கடுக்காகப் படம் எடுத்துவிட்டேன்; முந்தையதைவிட எவ்வளவோ மேல், கைகளின் வீச்சு அபாரம், தனி உறையில் வருகிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டிய மாத்திரத்தில் இருவருமே புதிய சம்மதக் கடிதத்தில் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டுவிட்டார்கள். தனித்தனியே என்னை ஓரமாக அழைத்து இருவரும் சொன்ன காரணமும் ஒன்றுதான்: “கண்டிப்பா வரட்டும்மா. அதுல அவன் மூஞ்சியைப் பாருங்க!”